கோழி நெஞ்சுக்கறியில் நரம்பு எடுப்பது எப்படி?

அப்பா பல் செட் கட்டிக்கொண்ட பிறகு எங்கள் வீட்டில் எலும்பில்லாத நெஞ்சுக்கறிதான் வாங்கிக்கொண்டிருந்தோம். மெத்தென்று இருக்கும், அவரால் மெல்ல முடியும் என்ற நினைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மிளகு வறுவல் செய்திருந்தேன். நாலு துண்டு நன்றாகத்தான் சாப்பிட்டார். ஐந்தாவதை வெகுநேரம் மென்றுகொண்டே இருந்தார். பிறகு யாரும் பார்க்காதபோது அதை வாயிலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில், ஒதுக்கி வைத்த கறிவேப்பிலைக்கு அடியில் வைத்துவிட்டார். தட்டைக் கழுவும்போது எடுத்துப் பார்த்தேன். கறியெல்லாம் மென்று தீர்ந்திருந்தது. அரை விரல் நீளத்துக்கு வெள்ளையாக, பழைய ரப்பர் பேண்டு போல ஒரு நார் மட்டும் மிச்சம். இழுத்துப் பார்த்தேன், அறுபடவில்லை.

அன்றிலிருந்து நெஞ்சுக்கறியில் அந்த நாரை எடுக்காமல் நான் அடுப்பில் ஏற்றுவதில்லை. பழகிவிட்டால் ஒரு துண்டுக்கு இருபது விநாடிகூட ஆகாத வேலை. ஆனால் யாராவது காட்டிக்கொடுத்தால்தான் பிடிபடும். எனக்குக் காட்ட ஆள் இல்லை, கறியைக் கிழித்துக் கிழித்துத்தான் கற்றுக்கொண்டேன். நீங்கள் அப்படிச் சிரமப்பட வேண்டாம் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வீட்டில் நாம் இதை நரம்பு என்கிறோம். சிலர் ஜவ்வு என்பார்கள். பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் தசைநாண். தசையை எலும்போடு கட்டிப் பிடித்திருக்கும் கயிறு. மூளையிலிருந்து சேதி கொண்டுபோகும் நரம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் சமையலறையில் எல்லோரும் சொல்லும் சொல்லையே நானும் வைத்துக்கொள்கிறேன்.

நரம்பு எங்கே இருக்கிறது

கோழியின் நெஞ்சில் பக்கத்துக்கு இரண்டு தசைகள். மேலே இருப்பது பெரியது. போன்லெஸ் என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் அகலமான துண்டு அதுதான். அதற்கு அடியில், எலும்பை ஒட்டி, விரலைவிடக் கொஞ்சம் தடிமனாக, நீளமாக இன்னொரு தசை படுத்திருக்கும். பாக்கெட்டில் விற்கும்போது இதை டெண்டர் என்று போடுகிறார்கள். ஜப்பானில் இதற்குச் சசமி என்று பெயர். மூங்கில் இலை வடிவத்தில் இருப்பதால் வந்த பெயர். அந்த ஊர் வீடுகளில் சசமியைச் சமைப்பதற்கு முன் நரம்பை எடுப்பது அன்றாட வேலை. நமக்கு இந்தத் துண்டுக்கென்று தனிப்பெயர் இல்லை. அதனால்தானோ என்னவோ, அதில் நரம்பு இருப்பதையும் நாம் கவனிப்பதில்லை.

பெரிய தசை சிறகைக் கீழே அடிக்கும். அடியில் இருக்கும் சின்னத் தசை சிறகை மேலே தூக்கும். இதில் ஒரு அதிசயம் இருக்கிறது. தூக்கும் தசை முதுகில்தானே இருக்க வேண்டும்? இது நெஞ்சில் இருக்கிறது. அதனால் இந்தத் தசையிலிருந்து கிளம்பும் நரம்பு, தோள் பக்கத்தில் மூன்று எலும்புகள் சேர்ந்து உண்டாக்கிய ஒரு ஓட்டை வழியாக மேலே ஏறி, சிறகெலும்பின் மேல்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. கிணற்றில் கயிற்றைக் கீழே இழுத்தால் கப்பி வழியாக வாளி மேலே வருகிறதே, அதே ஏற்பாடு. சிறகின் பாரம் முழுவதையும் தாங்கும் கயிறு என்பதால் அது அவ்வளவு உறுதி.

முழுக்கோழி வாங்கும் அன்றைக்கு இதை நேரிலேயே பார்க்கலாம். பெரிய நெஞ்சுத் தசையை எலும்பிலிருந்து விலக்கிவிட்டு, அடியில் இருக்கும் சின்னத் தசையை விரலால் பிடித்து வால் பக்கமாக இழுங்கள். சிறகு தானாக மேலே எழும்பும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒருமுறை பார்த்தால் நரம்பு எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று மறக்கவே மறக்காது.

ஆக, எடுக்க வேண்டிய முக்கியமான நரம்பு சின்னத் துண்டில் இருக்கிறது. அதன் ஒரு முனையில் பளிச்சென்று வெள்ளையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து கறிக்குள் புகுந்து, போகப் போக மெலிந்து, பாதிக்கும் மேலே போனதும் கறியோடு கறியாகக் கரைந்துவிடும். பெரிய துண்டிலும் சிறகெலும்பை ஒட்டியிருந்த தடிமனான முனையில் பட்டையாகக் கொஞ்சம் வெள்ளை நார் இருக்கும். அதை எடுப்பது சுலபம், பிறகு சொல்கிறேன்.

வெந்தால் கரையாதா?

நிறையப் பேர் கேட்பது இது. ஆட்டுக்காலை மணிக்கணக்காக வேகவைத்தால் நரம்பெல்லாம் பசை மாதிரி ஆகிவிடுகிறதே, இது மட்டும் ஏன் ஆகாது?

ஆகும், நேரம் கொடுத்தால். நரம்பு கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. அது இளகிப் பசையாவதற்கு ஈரத்தில், நல்ல சூட்டில், நீண்ட நேரம் வேண்டும். நெஞ்சுக்கறிக்கு அந்தப் பொறுமை கிடையாது. உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்தாலே வெந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் அடுப்பில் வைக்க வைக்கச் சாறு இறங்கிக் கறி சக்கையாகிவிடும். நரம்பு இளக ஆரம்பிப்பதற்குள் கறி வீணாகிப்போகும்.

இன்னொன்று, கொலாஜன் இளகுவதற்கு முன்னால் சுருங்கும். 60 டிகிரியைத் தாண்டும்போதே சுருங்கத் தொடங்கிவிடுகிறது. சிக்கன் பொரிக்கும்போது நீளத் துண்டு ஒன்று எண்ணெயில் வில் மாதிரி வளைவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் நரம்பு கறியை இழுத்துப் பிடிப்பதும் அதற்கு ஒரு காரணம். நரம்பை எடுத்துவிட்டால் துண்டு பெரும்பாலும் நேராகக் கிடந்து ஒரே சீராகச் சிவக்கும்.

தயிரில் ஊறவைத்தாலோ எலுமிச்சை பிழிந்தாலோ நரம்பு கரையாது. பப்பாளிக்காய் அரைத்துப் போட்டால் நரம்புக்கு முன்னால் கறிதான் குழைந்துபோகும்.

கடையில் கவனிக்க வேண்டியது

நான் தாமதமாகத் தெரிந்துகொண்ட விஷயம் இது. பாதி வேலை கடையிலேயே கெட்டுவிடுகிறது. போன்லெஸ் என்று சொன்னதும் கறியை எடுத்து, கேட்பதற்கு முன்பே சின்னச் சின்னத் துண்டாகப் போட்டுவிடுவார்கள். அப்போது ஒரே நரம்பு மூன்று நாலு துண்டாகி, ஒவ்வொரு கறித்துண்டுக்குள்ளும் ஒளிந்துகொள்கிறது. முழுசாக இருந்திருந்தால் ஒரே இழுப்பில் வந்திருக்கும்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, நெஞ்சுக்கறி துண்டு போட வேணாம், அப்படியே முழுசா குடுங்க." எலும்போடு தருவார்கள் என்றால் இன்னும் நல்லது. அதற்குக் காரணம் இருக்கிறது. கோழியை அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்து, பிறகுதான் தளரும். விறைப்பு தளர்வதற்கு முன்னால் கறியை எலும்பிலிருந்து பிரித்துவிட்டால், இழுத்துப் பிடிக்க எலும்பு இல்லாமல் தசை சுருங்கி இறுகிவிடும். அந்தக் கறி எப்படிச் சமைத்தாலும் கொஞ்சம் கெட்டியாகவே இருக்கும். நம் ஊரில் கண் முன்னால் அறுத்து, சூடு ஆறுவதற்குள் போன்லெஸ் போட்டுக் கொடுப்பதுதான் வழக்கம். புதுக்கறிதானே, ஏன் மெத்தென்று இல்லை என்று குழம்பியிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். எலும்போடு வாங்கி வந்து ஃபிரிட்ஜில் நாலைந்து மணி நேரம் வைத்துவிட்டு நீங்களே பிரித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

எலும்பிலிருந்து பிரிப்பது பெரிய வித்தை இல்லை. நெஞ்சின் நடுவில் ஓடும் எலும்பை ஒட்டிக் கத்தியை மேலிருந்து கீழாக இறக்குங்கள். கத்தி எலும்பில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் சரியாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். கறியை ஒரு கையால் மெல்ல விலக்கியபடி விலா எலும்பின் வளைவோடு போனால் பெரிய துண்டு வந்துவிடும். சின்னத் துண்டு சில சமயம் எலும்பிலேயே தங்கிவிடும். அதைக் கட்டைவிரலால் நெம்பினாலே போதும், தோள் பக்கம் மட்டும் நரம்பு பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே எலும்பை ஒட்டி வெட்டுங்கள். நரம்பின் முனை எவ்வளவு நீளமாக வெளியே நிற்கிறதோ, அவ்வளவு சுலபம் பின்னால் வரும் வேலை.

தேவையான பொருட்கள்

சின்னக் கத்தி ஒன்று. காய் நறுக்கும் கத்தி போதும். ரொம்பக் கூர்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த ஒரு வேலைக்கு மிதமான கூர்மைதான் நல்லது. அரிவாள்மனையில் பழகியவர்கள் கறி துண்டு போட அதையே வைத்துக்கொள்ளலாம், இதற்கு மட்டும் கத்தியை எடுங்கள். அப்புறம் வழுக்காத பலகை. பலகைக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை மடித்துப் போட்டால் அசையாது.

மிக முக்கியமானது பிடிமானம். நரம்பு எண்ணெய் தடவியது போல வழுக்கும். வெறும் விரலால் பிடிக்கவே முடியாது. காகிதக் கைத்துடைப்பு, டிஷ்யூ என்று கடையில் கிடைக்கும் தடித்த தாள் ஒரு துண்டு வேண்டும். இல்லையென்றால் சுத்தமான பழைய வேட்டித்துணியைச் சதுரமாகக் கிழித்து வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். விரால் மீன் கழுவும்போது வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்களே, அதே யோசனையில் கல் உப்பைப் பொடித்து விரல் நுனியில் தொட்டுக்கொண்டும் பிடிக்கலாம். துணியும் தாளும் இல்லாத நேரத்தில் எனக்கு அது கைகொடுத்திருக்கிறது.

கறி குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பான கறி கொழகொழவென்று இருக்கும், நரம்பை இழுத்தால் கறியும் சேர்ந்து கிழிந்து வரும். வேலை தொடங்கும் முன் ஃபிரீசரில் ஒரு பதினைந்து நிமிடம் வையுங்கள். உறையக் கூடாது, இறுகினால் போதும். உறைந்த பாக்கெட் வாங்கியிருந்தால் முந்தைய நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி வைத்துவிடுங்கள். வெளியே மேடையில் வைத்து உருக விட வேண்டாம்.

கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் போட்டு நாலு தண்ணீரில் அலசுவது நம் வீட்டுப் பழக்கம். பச்சைக்கோழியைக் கழுவாதீர்கள், தெறிக்கும் தண்ணீரில் கிருமிகள் மேடை முழுக்கப் பரவும் என்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உணவுத் துறையினர் சொல்கிறார்கள். கழுவாமல் மனசு ஒப்பாது என்றால் குழாயைத் திறந்துவிட்டு அலசாமல், ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி மெதுவாகக் கழுவிவிட்டு, தொட்டியை உடனே சோப்பு போட்டுத் தேய்த்துவிடுங்கள். எப்படியானாலும் நரம்பு எடுக்கும் முன்பு கறியை ஈரமில்லாமல் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

கத்தியால் எடுக்கும் முறை

பெரிய துண்டைப் புரட்டிப் போடுங்கள். அடியில் சின்னத் துண்டு ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய சவ்வுதான் இருக்கிறது. விரலை விட்டுப் பிரித்தாலே தனியே வந்துவிடும். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தைக் கத்தியால் ஒரு கீறு.

இப்போது சின்னத் துண்டைப் பலகையின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, நரம்பு நீட்டிக்கொண்டிருக்கும் முனை உங்கள் பக்கம் இருக்கும்படி வையுங்கள். நரம்பு வெளியே நன்றாகத் தெரியவில்லை என்றால் முனையில் இரு பக்கமும் ஒரு நகத்தளவு கீறிவிட்டு, கறியைக் கத்தியால் சற்றுப் பின்னுக்குத் தள்ளுங்கள். வெள்ளை நுனி தலைகாட்டும். பிடிக்க ஒரு சென்டிமீட்டராவது வேண்டும்.

அந்த நுனியைத் தாளால் சுற்றி இடது கையால் இறுக்கிப் பிடியுங்கள். வலது கையில் கத்தி. கத்தியின் வாய் உங்களுக்கு எதிர்ப்பக்கம், கறியைப் பார்த்து இருக்கட்டும். நரம்பின் மேல் கத்தியைச் சாய்வாக, கிட்டத்தட்டப் படுத்த நிலையில் வைத்துப் பலகையோடு சேர்த்து அழுத்துங்கள். வெட்டும் அழுத்தம் வேண்டாம், தேங்காய்ச் சிரட்டையில் ஒட்டியிருப்பதைச் சுரண்டும்போது கொடுப்போமே, அவ்வளவு போதும்.

இனிக் கத்தியை அசைக்காதீர்கள். இங்கேதான் எல்லோரும் தவறுவது, நானும் தவறியது. கத்தியை முன்னால் தள்ளினால் அது நரம்பை அறுத்துவிடும். கத்தி அப்படியே நிற்கட்டும். இடது கையில் இருக்கும் நரம்பைத்தான் உங்கள் பக்கம் இழுக்க வேண்டும். நேராக ஒரே வெடுக்கில் இழுக்காமல், இடமும் வலமுமாகக் கொஞ்சம் ஆட்டி ஆட்டி இழுங்கள். நரம்பு கத்திக்கு அடியில் நழுவி உங்கள் கைக்கு வரும், கறி கத்தியில் முட்டி அந்தப் பக்கமே நின்றுவிடும். கத்தியின் கீழே மெல்லிய 'சர்' என்ற உரசல் கைக்குத் தெரியும். கறி அதிகமாக ஒட்டிக்கொண்டு வந்தால் கத்தியை இன்னும் கொஞ்சம் படுக்க வையுங்கள்.

ஐந்தாறு சென்டிமீட்டர் வந்ததும் நரம்பு நூல் போல மெலிந்து, தானே விட்டுவிடும். அதற்குமேல் தோண்ட வேண்டாம். கடைசியில் இருக்கும் மெல்லிய பகுதி பல்லில் மாட்டாது. முழுசாக எடுக்கிறேன் என்று கிளம்பினால் துண்டு இரண்டாகப் பிளந்துவிடும்.

நடுவில் நரம்பு அறுந்துவிட்டதா? பரவாயில்லை. அறுந்த இடத்தை விரலால் தடவுங்கள், கண்ணைவிட விரல் நன்றாகக் கண்டுபிடிக்கும். கயிறு போல உருளுவது நரம்பு. அதன் இரண்டு பக்கமும் நீளவாக்கில் மெல்லக் கீறி, கீற்று போல வெட்டி எடுத்துவிடுங்கள். துண்டின் அழகு கொஞ்சம் கெடும், ருசி கெடாது.

இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் கைகளை மாற்றிக்கொண்டால் போதும். முதல் நாள் ஒரு துண்டுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். முதல் அரைக் கிலோவைக் கட்லெட்டுக்கோ கொத்துக்கறிக்கோ என்று முன்பே தீர்மானித்துக்கொண்டு உட்காருங்கள். கிழிந்தாலும் கவலை இல்லை என்று தெரிந்தால் கை பதறாது.

முள்கரண்டி முறை

சமூக வலைத்தளங்களில் சுற்றிக்கொண்டிருக்கும் முறை இது. நரம்பின் நுனியை முள்கரண்டியின் இரண்டு பற்களுக்கு நடுவே நுழைத்து, நுனியைத் தாளால் பிடித்து, கரண்டியைக் கறியின் மேல் அழுத்தியபடி நரம்பை இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். உண்மையிலேயே வரும். கத்தி பயமும் இல்லை, பிள்ளைகள்கூடச் செய்யலாம்.

ஆனால் என் கைக்குக் கத்திதான். முள்கரண்டியின் பற்கள் கறியை நசுக்கி, தலைப்பக்கம் நார் நாராக விட்டுவிடுகின்றன. பஜ்ஜி மாவு போன்ற கெட்டியான மாவில் தோய்த்துப் பொரிக்கப் போகிறீர்கள் என்றால் அது தெரியாது. தோசைக்கல்லில் வெறும் மிளகும் உப்பும் போட்டு வாட்டப் போகும் துண்டு என்றால் தெரியும். பற்கள் அகலமாக இருக்கும் கரண்டியில் நரம்போடு கறியும் நுழைந்துவிடும் என்பதால் நெருக்கமான பற்கள் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

பெரிய துண்டில் பார்க்க வேண்டியவை

தடிமனான முனையைத் தடவிப் பாருங்கள். சிறகு இருந்த இடத்தில் பட்டையாக, வெள்ளி மினுமினுப்போடு நார் இருக்கும். அதை இழுக்கத் தேவையில்லை. கத்தியைக் கிடையாக நுழைத்துச் சீவி எடுத்தால் போதும். அதே இடத்தில் குருத்தெலும்போ, கவட்டை எலும்பின் சிம்போ ஒட்டியிருக்கும், மறக்காமல் விரலால் தேடுங்கள். பல் செட் வைத்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நரம்பைவிட அந்தச் சிம்புதான் ஆபத்து.

மேலே கறியின் நீளவாக்கில் வெள்ளைக் கோடுகள் ஓடினால் அது நரம்பு இல்லை. வேகமாக வளரும் பிராய்லர் கோழிகளின் நெஞ்சில் தசைக்குள் கொழுப்பும் நாரும் கோடு கோடாகப் படிவதால் வருவது. சுரண்டினாலும் வராது, சமையலுக்குத் தடையும் இல்லை. சில நெஞ்சுக்கறி தொடும்போதே கட்டை மாதிரி இறுகி இருக்கும். அதுவும் இந்தக் கோழிகளில் காணும் தசைக் கோளாறு. நரம்பு எடுத்தாலும் அது மெத்தென்று ஆகாது, அரைத்துக் கோலா உருண்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போதாவது சின்னத் துண்டைப் பிரிக்கும்போது உள்ளே பச்சை நிறமாகவோ, ரத்தம் கட்டினாற்போலவோ இருக்கலாம். ஒருமுறை எனக்கு அப்படி வந்தபோது கறி கெட்டுவிட்டது என்று மொத்தத்தையும் கொட்டிவிட்டேன். பிறகுதான் விவரம் தெரிந்தது. அந்தச் சின்னத் தசை எலும்புக்கும் விறைப்பான உறைக்கும் நடுவில் சிறைப்பட்டிருக்கிறது. கோழி பயந்து ஓயாமல் சிறகடித்தால் தசை வீங்கும். வீங்க இடமில்லாததால் ரத்த ஓட்டம் நின்று, தசை அங்கேயே செத்துப்போகிறது. தொற்று நோய் இல்லை. ஆனாலும் அந்தத் துண்டைச் சாப்பிட வேண்டாம், எறிந்துவிடுங்கள். மற்ற கறி வாடையில்லாமல் நல்ல நிறத்தில் இருந்தால் சமைக்கலாம்.

ஏற்கெனவே துண்டு போட்டுவிட்டார்கள் என்றால்

ஒவ்வொரு துண்டின் வெட்டு முகத்தையும் பாருங்கள். வெள்ளையாக மிளகளவு புள்ளி தெரிந்தால் உள்ளே நரம்பு ஓடுகிறது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் துண்டை அமுக்கினால் புள்ளி வெளியே பிதுங்கும். அதைத் தாளால் பிடித்து இழுத்தாலே துண்டுக்குள் இருக்கும் சிறு நரம்பு வந்துவிடும், கத்திகூட வேண்டாம். ஒரு கிலோவுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். வெளியூரிலிருந்து விருந்தாளி வந்திருக்கும் நாளில் நான் உட்கார்ந்து செய்வேன்.

எப்போது எடுக்க வேண்டாம்

எல்லாச் சமையலுக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. சூப்புக்குப் போகும் கறியில் நரம்பு இருந்தால் நல்லதுதான், சாறு திடமாக இருக்கும். கட்லெட்டுக்கோ சாண்ட்விச்சுக்கோ வேகவைத்துப் பிய்த்துப் போடும் கறி என்றால் பச்சையாக இருக்கும்போது மெனக்கெடாதீர்கள். வெந்த பிறகு பிய்க்கும்போது நரம்பு தனியாக விரலில் மாட்டும், உருவி எடுத்துவிடலாம். மிக்ஸியில் அரைக்கும் கறிக்கு மட்டும் கட்டாயம் முன்பே எடுங்கள். மிக்ஸி பிளேடில் நரம்பு சுற்றிக்கொள்ளும், அரைபடாது, கோலா உருண்டையில் நூல் நூலாக வாயில் படும்.

நாட்டுக்கோழி ஓடியாடி வளர்வது. அதன் நரம்பு பிராய்லரைவிடக் கெட்டி. ஆனால் அதை நாம் எலும்போடு துண்டு போட்டு நிதானமாகக் குழம்பில் வேகவிடுகிறோம், அங்கே நரம்பு இளகிக் குழம்புக்குக் கெட்டி கொடுத்துவிடும். காடையில் எல்லாமே சின்னது, விட்டுவிடலாம். வான்கோழி வேறு கதை. கிறிஸ்துமஸ் சமயத்தில் வாங்குகிறவர்கள் கவனியுங்கள்: அதன் நெஞ்சில் இருக்கும் சின்னத் துண்டே நம் கோழியின் பெரிய துண்டளவு இருக்கும், நரம்பும் அதற்கேற்ற தடிமன். முறை அதேதான். தாளை இரண்டாக மடித்துப் பிடித்து, பலமாக இழுக்க வேண்டும். முள்கரண்டி அங்கே தாங்காது. வான்கோழிக் காலில் சில நரம்புகள் எலும்பாகவே இறுகியிருக்கும். அவற்றைப் பச்சையில் எடுக்கப் போராடாமல், வெந்த பிறகு குச்சி குச்சியாக உருவிவிடுங்கள்.

பொரிக்கவும் வாட்டவும் கிரில் செய்யவும் போகும் சின்னத் துண்டுகளுக்குத்தான் இந்த வேலை அவசியம். வீட்டில் பல் இல்லாதவர்களோ சின்னக் குழந்தைகளோ இருந்தால் எந்தச் சமையலுக்கும் அவசியம்.

எடுத்த பிறகு

பலகை, கத்தி, கை எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவிய பிறகுதான் வெங்காயத்தைத் தொட வேண்டும். நரம்பு பிடித்த தாளை உடனே குப்பையில் போடுங்கள், மேடையில் வைக்காதீர்கள். எடுத்த நரம்பையும் சீவிய சவ்வையும் நான் எறிவதில்லை. எலும்புகளோடு ஒரு டப்பாவில் போட்டு ஃபிரீசரில் சேர்த்து வைப்பேன், டப்பா நிறைந்ததும் இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டால் ரசத்துக்கு அருமையான சாறு கிடைக்கும்.

சுத்தம் செய்த கறியை ஃபிரிட்ஜில் ஒன்றிரண்டு நாளுக்குமேல் வைக்க வேண்டாம். அதிகமாக வாங்கிவிட்டால் ஒருவேளைக்குத் தேவையான அளவாகப் பிரித்து ஃபிரீசரில் வையுங்கள்.

அப்பாவுக்கு நான் செய்வது இப்படி. நரம்பு எடுத்த சின்னத் துண்டுகளில் உப்பு, மஞ்சள், கொஞ்சம் தயிர், தட்டிய மிளகு பிசறி அரைமணி நேரம் வைத்துவிடுவேன். இரும்புக் கல்லில் நல்லெண்ணெய் காய்ந்ததும் ஒரு பக்கம் மூன்று நிமிடம், புரட்டிப் போட்டு இரண்டரை நிமிடம். தடிமனான இடத்தில் குத்திப் பார்த்தால் சாறு தெளிவாக வர வேண்டும், உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. சமையல் வெப்பமானி இருந்தால் 74 டிகிரி காட்டியதும் இறக்கிவிடலாம். இறக்கி மூன்று நிமிடம் மூடி வைத்துவிட்டு, நாருக்குக் குறுக்காக அரை விரல் அகலத்தில் வெட்டித் தட்டில் வைப்பேன். போன ஞாயிறும் அதுதான். தட்டைக் கழுவ எடுத்தபோது ஓரத்தில் கறிவேப்பிலை மட்டும்தான் இருந்தது.